கோதை சொன்ன சரி

கோதை இறந்த செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் ஒரு நோயாளியின் முதுகுக்கு அடியில் இருந்தன. காலை பத்து மணி, திருப்பிப் படுக்க வைக்கும் நேரம். கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. யார் என்று எனக்குத் தெரியும், என்ன செய்தி என்றும் தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை. பாதி திருப்பிய ஆளை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்த ஒரு நர்ஸைக் கோதை என்ன பேச்சுப் பேசினாள் என்பது எங்கள் வார்டில் யாருக்கும் மறக்காது. அவரை ஒருக்களித்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, பக்கவாதத்தில் விழுந்துபோன கைக்குக் கீழே ஒன்று என்று வைத்துவிட்டு, அடியில் காது மடங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் வராந்தாவுக்குப் போய்த் திருப்பி அழைத்தேன். கோதையின் தம்பி வெங்கடேசன் எடுத்தார். "அக்கா போயிட்டா சிஸ்டர்" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் வழக்கம். இருபத்திரண்டு வருடம் ஒரே வார்டில் ஒருவரை ஒருவர் ஏட்டி போட்டுக் கூப்பிட்டுவிட்டு, இப்போது திடீரென்று மரியாதை கொடுத்தால் அவளே எழுந்து வந்து "என்னட்டி ஆச்சு ஒனக்கு" என்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அவளோடு வேலை பார்த்தவர்கள், மீதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். சரிதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் தெரு முனையில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய போட்டோ, அதே முறைப்பு. கீழே 'அன்பின் உருவமே, கருணையின் வடிவமே' என்று போட்டிருந்தது. நான் அதன் கீழே நின்று சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோதையிடம் கருணை இருந்திருக்கலாம். நான் பார்த்ததில்லை. பாவம் என்ற சொல்லை வார்டுக்குள் யாராவது சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. "அதக் கேட்டுக்கு வெளிய வச்சிட்டு வா. போறப்ப எடுத்துக்கலாம்" என்பாள். பக்கவாதம் வந்து கிடக்கும் கணவனைப் பார்த்து அழுத பெண்களை அவள் வெளியே நிறுத்தியிருக்கிறாள். அழுகை நின்ற பிறகு அவர்கள் கையில் ஒரு ஈரத் துணியைக் கொடுத்து வாயைத் துடைக்கச் சொல்வாள்.

ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் எட்டுப் படுக்கை கொண்ட அந்த வார்டை அவள்தான் நடத்தினாள். டாக்டர்கள் வந்து போனார்கள். கை கால் இழுத்துக்கொண்டு, வாய் கோணி வருகிறவர்களுக்கு முதலில் அவள் பார்ப்பது தொண்டையைத்தான். நேராக உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, தொண்டை முடிச்சின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, ஒரு சின்னக் கரண்டி தண்ணீர் கொடுப்பாள். விழுங்குகிறாரா, விழுங்கிய பிறகு குரல் தெளிவாக இருக்கிறதா, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளவென்று வருகிறதா என்று கவனிப்பாள். அது தேறாமல் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. நோயாளி கண்ணால் கெஞ்சுவார். நாக்கை நீட்டிக் காட்டுவார். "வாய் கேட்டா குடுக்காத. தொண்டை கேட்டா குடு" என்பாள் எங்களிடம். அந்தக் கரண்டி அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்தது, காம்பில் 'கோ' என்று பேர் வெட்டியிருக்கும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒருவருடைய மகன், போலீஸில் இருப்பவர், யாரும் பார்க்காத நேரத்தில் அப்பாவுக்குக் காபி கொடுக்கப் போய்ப் பிடிபட்டார். கோதை அவரைத் திட்டவில்லை. பக்கத்துக் காலிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். ஆறடி ஆள், எதற்கு என்று தெரியாமல் படுத்தார். தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றினாள். புரையேறிக் கண் சிவந்து, சட்டையெல்லாம் நனைந்து எழுந்து உட்கார்ந்து அவர் இருமிக்கொண்டிருந்தபோது அவள் மிகப் பொறுமையாகச் சொன்னாள். "ஒங்களுக்கு இருமல் வந்துச்சு. ஒங்கப்பாவுக்கு அது கூட வராது. சத்தமில்லாம நெஞ்சுக்குள்ள எறங்கிரும். மூணாம் நாள் காய்ச்சல் வரும். பொறவு நீங்க லீவு போடலாம்." மேலிடத்துக்குப் புகார் போனது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தந்தை பிழைத்தார் என்பதால் விஷயம் அப்படியே விடப்பட்டது.

தளவாய்புரத்துப் பெரியவர் ஒருவர் மாதக் கணக்கில் கிடந்தார். தோட்டமும் வயலும் உள்ளவர். இப்படிக் கிடந்தால் எங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உயிர் போகாமல் கிடப்பது ஏதோ தீராத ஆசையில்தான், அது தீர்ந்தால் போய்விடும் என்பார்கள். மண்ணாசை என்றால் சொந்த வயலின் மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள், பொன்னாசை என்றால் நகையை உரசி விடுவார்கள். அவருடைய மூத்த மகன் ஒரு பாட்டிலில் வயல் மண்ணைக் கரைத்து எடுத்து வந்தார். கூடவே ஏழெட்டுப் பேர். கோதை பாட்டிலை வாங்கினாள். குலுக்கினாள். அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மூடியைத் திறந்து பாதியைக் குடித்தாள். உதட்டில் ஒட்டிய மண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு சென்ட் நெலம் கெடையாது. எனக்குந்தான் மண்ணாசை இருக்கு. இந்தா, நான் போயிட்டனா?" என்று கேட்டாள். மீதியைக் கை கழுவும் தொட்டியில் கொட்டினாள்.

அந்தப் பெரியவர் மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு நடந்து வீட்டுக்குப் போனார். இங்கே கதையை நிறுத்தினால் பிளெக்ஸில் போட்டது பொருந்தும். ஆனால் அவர் படுத்திருந்த காலத்தில் மகன்கள் வயலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடந்து வந்தவருக்கு இடமில்லை. ஒரு வருடம் கழித்து அவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன் என்று கோதையிடம் சொன்னேன், என்ன கதியில் இருந்தார் என்றும் சொன்னேன். அவள் மருந்துத் தட்டை அடுக்கிக்கொண்டே, "நடந்து தான போனாரு?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அவள் மேல் அன்று வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அவளுடைய வேலை முறையில் நான் இன்றும் விடாமல் வைத்திருக்கும் இரண்டைச் சொல்ல வேண்டும், பின்னால் வரப்போவதற்கு அவை தேவை. பக்கவாதத்தில் பேச்சு போகிறவர்களுக்குச் சில நேரம் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும். எதைக் கேட்டாலும் அதுவே வரும். அவர்கள் நினைப்பது வேறு, வருவது அந்தச் சொல். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருக்கு 'நாளைக்கு' என்ற சொல் மிஞ்சியிருந்தது. பசிக்கிறதா என்றால் நாளைக்கு, வலிக்கிறதா என்றால் நாளைக்கு. வீட்டார் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, குளிப்பாட்டுவதைக் கூட அடுத்த நாளுக்குத் தள்ளினார்கள். கோதை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஒத்தச் சொல்லுல நிக்கிறவங்க வாயை நம்பாத. நல்ல கையைப் பிடிச்சுக் கேளு. வேணும்னா பிடிப்பாங்க, வேண்டாம்னா விட்டுருவாங்க." டீச்சரின் இடது கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, பசிக்கிறதா என்று கேட்டாள். டீச்சர் வாய் நாளைக்கு என்றது. கை அவளை இறுகப் பிடித்தது.

இன்னொன்று, பிடியை விடுவிப்பது. இந்த நோயாளிகள் கட்டில் கம்பியை, நம் சேலையை, சில நேரம் முடியைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்கள். இழுத்தால் இன்னும் இறுகும். சுண்டு விரலில் தொடங்க வேண்டும் என்பது அவள் கண்டுபிடித்தது. சுண்டு விரலை முதலில் மெதுவாக நிமிர்த்தினால் மற்றவை ஒவ்வொன்றாகத் தளரும், கடைசியில் கட்டை விரல். அவர்களுக்கு நோகாது. அதை அவள் எங்கள் கையிலேயே செய்து காட்டினாள்.

முழங்கால் தேய்ந்துபோனதால் இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டோடு இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவள் சம்பளத்தில் கட்டிய வீட்டில், ராணுவத்திலிருந்து திரும்பிய தம்பி வெங்கடேசனும் அவர் மனைவி பத்மாவும் இருந்தார்கள். ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாளில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது கோதை கொல்லையில் விழுந்தாள். மதியம் விழுந்தவளை அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நேரத்துக்குள் போட வேண்டிய ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. அவளை எங்கள் வார்டுக்கே கொண்டு வந்தார்கள், ஜன்னல் ஓரத்து ஐந்தாம் எண் படுக்கை.

அவளுக்கு மிஞ்சிய ஒற்றைச் சொல் 'சரி'. வாழ்நாளில் யாருக்கும் எதற்கும் சரி என்று சொல்லாதவள். லீவு கேட்டால் முடியாது, டியூட்டி மாற்றிக் கேட்டால் முடியாது, டாக்டரே சொன்னாலும் ஏன் என்று ஒரு முறை கேட்பாள். அவள் வாயிலிருந்து இப்போது காலை முதல் மாலை வரை சரி, சரி, சரி. அவளிடம் திட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளைகள் அந்த வார்டில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருத்தி கட்டில் பக்கத்தில் போய் நின்று, "சிஸ்டர், எனக்கு நாலு நாள் லீவு வேணும்" என்றாள். சரி என்றாள் கோதை. வார்டே சிரித்தது. இன்னொருத்தி, "சிஸ்டர், நாங்கதான நல்லா வேலை பாக்குறோம்?" என்றாள். சரி. "நீங்க பேசுனதெல்லாம் தப்புதான?" சரி. நானும் சிரித்தேன். அதை மறைத்து இங்கே நல்ல பேர் வாங்க நான் விரும்பவில்லை. கோதை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. காது, அறிவு, ஞாபகம் எல்லாம் சரியாக இருந்தன, வாய் மட்டும் அவளுடையதாக இல்லை. அந்த விளையாட்டு இரண்டு மூன்று நாள் நடந்தது. பிறகு அலுத்துப் போய் விட்டுவிட்டார்கள்.

மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை டியூட்டி முடிந்ததும் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, மூன்றரை மணிக்கெல்லாம் அவள் வீட்டில் இருப்பேன். பத்மாவைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசுகிறது, வீடு யார் பேரில் என்றெல்லாம். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு மாதம் அந்தப் பெண் ஒரு நாள் விடாமல் மூத்திரத் துணி துவைத்தாள். கோதை முதுகில் ஒரு புண் கூட வரவில்லை. ஒரு நாள் துணியைக் காயப்போட்டுக்கொண்டே, "இன்னும் எம்புட்டு நாள் சிஸ்டர்?" என்று கேட்டாள். கோதைக்குப் பேச்சு இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதை நான் சொன்னேன். அவள் படுத்திருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று கத்தினேன். பத்மா மீதித் துணியையும் உதறிக் காயப்போட்டாள். அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை.

கார்த்திகை கடைசியில் கோதையின் தொண்டை தேறியது. அவளுடைய கரண்டியாலேயே, அவள் தொண்டை முடிச்சில் என் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். தண்ணீர், பால் போல ஓடுகிற எதுவும் இன்னும் ஆகாது. கேழ்வரகுக் கூழைக் கரண்டி நிற்கும் பதத்தில் காய்ச்சிக் கொடுத்தால் விழுங்கினாள். குழாயை எடுத்துவிட்டேன். கரண்டியில் கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் இடது கையால் என் மணிக்கட்டில் அடிப்பாள். அடித்துவிட்டுச் சரி என்பாள். பத்மா சிரித்துவிட்டாள், நானும்தான். கோதை பிழைத்துவிட்டாள் என்று நான் நம்பினேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'தண்ணீர், பால், காபி, தீர்த்தம் எதுவும் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். தீர்த்தம் என்பதை எழுதாவிட்டால் அது கணக்கில் வராது என்று எனக்குத் தெரியும்.

மார்கழி ஏகாதசி வந்தது. சொர்க்கவாசல் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கோவிலிலிருந்து நேராக இவள் வீட்டுக்கு வருவார்கள் என்று வெங்கடேசன் முன்பே சொல்லியிருந்தார். அன்று எனக்கு வார லீவு, அதனால் காலையிலேயே போயிருந்தேன். நேராக உட்கார வைத்து, கூழ் கொடுத்து, அரை மணி கழித்துச் சாய்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து என் மகள் அன்று மதியம் வருவதாக இருந்தது. நாலு மாதமாக அந்த பஸ்ஸில் போய் வந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மறுநாள் வரப்போவதில்லை என்று முந்தின நாளே தீர்மானித்திருந்தேன். நான் செருப்பை மாட்டும்போது சுந்தரபாண்டியத்திலிருந்து கோதையின் அத்தை, அவள் அப்பாவின் தங்கை, பத்துப் பன்னிரண்டு பேரோடு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். கையில் இலை போட்டு மூடிய பித்தளைச் செம்பு.

நான் மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் போனபோது வாசலிலேயே எனக்கு அவள் மூச்சு கேட்டது. உள்ளே போய், "ஏட்டி கோதை" என்றேன். சரி என்றாள். தண்ணீருக்குள்ளிருந்து வரும் களகளத்த சரி. நெற்றி கொதித்தது. அந்தப் போலீஸ்காரரைப் படுக்க வைத்துக் கோதை சொன்னது அப்படியே என் காதில் விழுந்தது.

என்ன நடந்தது என்பதை வெங்கடேசன் ஆம்புலன்ஸில் வரும்போது சொன்னார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தை கட்டிலில் உட்கார்ந்து, "ஏட்டி கோதை, பெருமாள் தீர்த்தம் கொண்டாந்திருக்கேன், தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். சரி என்றிருக்கிறாள். "கெடந்து சீரழியாதட்டி. இன்னைக்கு வாசல் தெறந்திருக்கு, போறியா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கும் சரி. அத்தை அழுதுவிட்டாராம், எல்லோரும் அழுதார்களாம். என்னமாய்ப் பக்குவப்பட்ட உயிர் என்றார்களாம். தீர்த்தம் கொடுத்து, அதோடு ஆளுக்கு ஒரு கரண்டி பால். வரிசையாக வந்து ஊற்றியிருக்கிறார்கள், பிள்ளைகள் கூட. சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துக் காட்டிய ஒரு பையனிடம் தெய்வ காரியத்தில் குறுக்கே பேசாதே என்றிருக்கிறார்கள். கோதை இருமவே இல்லை, அமைதியாக வாங்கிக்கொண்டாள் என்றார் வெங்கடேசன். இரும முடியாது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அந்த வண்டியில் அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். நெஞ்சு முழுக்கச் சளி. குழாய் விட்டு உறிஞ்ச உறிஞ்ச வந்தது. லீவு கேட்டு விளையாடிய அந்தப் பெண்தான் இரண்டு மணிக்கு ஒரு தரம் அவளைத் திருப்பிப் போட்டாள், யாரும் சொல்லாமலே காதைப் பார்த்தாள். ஏழாம் நாள் டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். வீட்டில் மேலும் இரண்டு நாள். ஏகாதசியன்று போகட்டும் என்று ஊற்றினார்கள். ஏகாதசி போய், துவாதசி போய், பௌர்ணமியும் போய், தேய்பிறையில் ஒரு சாதாரணக் காலையில் மூச்சுத் திணறியே போனாள்.

சாவு வீட்டில் அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, நல்ல நாள் தவறிப்போச்சே என்று அழுதார். நான் அவர் கையை உதறினேன். இத்தனை பேர் முன்னால் கேட்டுவிட வேண்டும், கொன்றது யார் என்று கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பத்மா பக்கத்தில் வந்து நின்றாள். சத்தமே இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அத்தை செம்போட எறங்குனத நீங்க பாத்தியளே சிஸ்டர். வாசல்லதான நின்னிய. நீங்க ஒண்ணுஞ் சொல்லாம போனிய. அதான் சரின்னு நெனச்சிட்டோம்."

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தாள். என் வாய் மூடிக்கொண்டது.

ஆம், செம்பைப் பார்த்தேன். இலையைப் பார்த்தேன். அதற்குள் என்ன இருக்கிறது, எதற்கு இருக்கிறது என்று இந்த மாவட்டத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள், அவள் கட்டிலில் கிடந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாக்குவாதம் வந்திருக்கும், உட்கார வேண்டியிருந்திருக்கும், பஸ் போயிருக்கும். சுவரில்தான் எழுதி ஒட்டியிருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். மகளோடு அன்று நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

காரியம் முடிந்த அன்று பத்மா அந்தக் கரண்டியை ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்தாள். "மதினியோடது. நீங்க வச்சிக்கோங்க" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் அந்த வீட்டில் இருந்த கரண்டி அது ஒன்றுதான். அவர்கள் எதில் ஊற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது அது என் கோட்டுப் பையில் இருக்கிறது. நேற்றுக் கூடப் புதிதாக வந்த ஒருவருக்கு அதில்தான் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். தேறவில்லை. அவர் மனைவி என் காலில் விழுந்து கேட்டாள், கொடுக்கவில்லை.

கோதையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கரண்டி மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். பத்மாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. செருப்பை மாட்டப் போவதற்கு முன் கோதையின் கட்டில் பக்கத்தில் குனிந்து, "நாளைக்கு வரலட்டி. மக வாரா. நாளன்னைக்கு வாரேன், சரியா?" என்று கேட்டேன். சரி என்றாள். வாயை நம்பாதே, கையைப் பிடித்துக் கேள் என்று சொன்னவளின் கையை நான் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவளே தன் இடது கையால் என் முந்தானையைப் பிடித்திருந்தாள். சரி, சரி என்று சொல்லிக்கொண்டே இறுகப் பிடித்திருந்தாள்.

நான் சுண்டு விரலில் தொடங்கினேன். பிறகு மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல். கடைசியாகக் கட்டை விரல். அவளுக்கு நோகவில்லை.